பெட்ரக் டிரெலோரின் எஞ்சின் ஓடிய விதம்

பெட்ரக் டிரெலோருக்கு ஆறு வயதானபோது ஒரு மாலை அவனுடைய தேநீர், கோப்பையை விட்டு வெளியேறி, மேசையைக் கடந்து, சுவரேறிக் கூரையில் தங்கிவிட்டது. மறுநாள் அதே கோப்பையில் தேநீர் ஒழுங்காகக் கிடந்தது. சில நாள் ஏறுகிறது, சில நாள் ஏறவில்லை, ஏன் என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. கோப்பையை மாற்றினான். சூட்டைக் குறைத்தான். மேசைக்கால் அடியில் கட்டை கொடுத்தான். சுரங்கத்திலிருந்து அப்பா வரத் தாமதமான மாலைகளில்தான் அது நடந்தது என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் எங்கள் ஊர் வெள்ளீயச் சுரங்கம் கடலுக்கு அடியில் நீண்டு போகிறது. தலைக்கு மேலே அலை பாறைகளை உருட்டுவது கேட்கும். சுவரெல்லாம் கசியும். வளர்ந்ததும் பெட்ரக் அந்தத் தண்ணீரை இறைக்க எஞ்சின் செய்தார். நீராவி ஒரு முனையைத் தள்ள, பெரிய உத்திரம் ஏற்றம்போலத் தலையாட்டும். மறுமுனையில் தொங்கும் கம்பி தண்ணீரைப் படிப்படியாக மேலே தூக்கும். எந்த எஞ்சினும் எட்டாத ஆழத்திலிருந்து அது இறைத்தது. பத்திரிகைகள் எழுதின, பிரபுக்கள் பதக்கம் தந்தார்கள். வெளியூர்ச் சுரங்கங்களிலும், கூட்டத்தின் முன்னால் கைநடுங்க அவர் நெம்புகோலை இழுத்தபோதெல்லாம் தண்ணீர் பொங்கி வந்தது. அவர் ஊர் திரும்பியதும் அந்த எஞ்சின்கள் வெறுமனே தலையாட்டின. அவர் வால்வுகளை மாற்றி மாற்றி அனுப்பினார்.

புகழ் பழகி, தூக்கம் நன்றாக வரத் தொடங்கிய ஆண்டில் உள்ளூர் எஞ்சினும் சொட்டுக்கூட இறைக்காமல் நின்றது. சுரங்கத்தின் அடித்தட்டில் வெள்ளம் ஏறியது. அங்கே அவருடைய அண்ணன் ஜோரியும் கூட்டாளிகளும் ஒரு பாறை விளிம்பில் மார்பளவு தண்ணீரில் நின்றார்கள். பெட்ரக் ஓடிவந்து சுரங்கக் குழிக்குள் எட்டிப் பார்த்தார். உடம்பெல்லாம் உதறியது. தண்ணீர் அவர் முகத்தை உரசிக்கொண்டு மேலே வந்து, வயலைக் கடந்து, எதிர்க்குன்றில் ஏறிப் போனது. ஆட்கள் ஏணி வழியே வெளியே வந்தார்கள்.

"எஞ்சின் அடுப்பே மூட்டலையேடா," என்றார் ஜோரி, சட்டையைப் பிழிந்தபடி. "பதக்கத்தைக் காட்டி மிரட்டினியா?"

பெட்ரக் சிரித்தார். குன்றிலிருந்து தண்ணீர் திரும்பி வந்து குழியில் விழுந்தது.

அவர் மனைவி லவ்டே தண்ணீர் ஏறியதையும் இறங்கியதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, உங்க எஞ்சின் நீராவில ஓடல. நீங்க நடுங்குறதுல ஓடுது."

"தினமும் எப்படி நடுங்குறது? எந்தப் பயமும் நாலு நாள்ல பழகிடுமே."

"பழகாத பயமா பாருங்க. இல்லன்னா உங்க அண்ணன் மறுபடி கீழ போக முடியாது."

அவருக்கு ஒன்றே ஒன்று தோன்றியது. சுரங்கத்தில் எல்லோரும் மதியத்துக்கு மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டி கொண்டுபோவார்கள். அழுக்குக் கையால் பிடிப்பதற்கென்றே அதற்குத் தடித்த ஓரம் உண்டு. பிடித்துத் தின்றபின் அந்த ஓரத்தைப் பாறைக்குள் வாழும் குள்ள ஆவிகளான தட்டுக்காரர்களுக்குப் போட்டுவிட வேண்டும். போடாதவனைத் தேடி அவர்கள் தட்டிக்கொண்டே வருவார்கள்.

பெட்ரக் அடித்தட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாஸ்டியை ஓரத்தோடு முழுவதும் தின்றார். பாறைக்குள் எங்கோ தட்டும் சத்தம் எழுந்தது. மறுநாளும் தின்றார், சத்தம் கொஞ்சம் அருகில் கேட்டது. நாளுக்கு நாள் நெருங்கியதால் அந்தப் பயம் பழகவில்லை. எஞ்சினைப் பழைய இரும்புக்கு விற்றார்கள். பெட்ரக் தினமும் ஓரத்தைத் தின்றார், தண்ணீர் தினமும் மேலே ஏறியது, ஜோரி காய்ந்த தரையில் வேலை செய்தார்.