திரை அண்ணனுக்கு, கீபோர்ட் தங்கச்சிக்கு

தீபாவளிக்கு முந்தின நாள் ஆட்டுக்கறி கூறு போடுவதென்றால், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் அழகுமுத்துதான் உட்கார வேண்டும். வேறு யார் உட்கார்ந்தாலும் முணுமுணுப்பு வரும். எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் எல்லாக் கூறிலும் ஒரே மாதிரி விழும்படி வாழை இலைகளில் வைத்துவிட்டு, "எது வேணுமோ எடுத்துக்கங்க. கடைசியா மிஞ்சுறது எனக்குப் போதும்" என்று எழுந்துவிடுவார். இஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் உழைத்தும் கிடைக்காத மரியாதை அந்த இலைகளுக்கு முன்னால் அவருக்குக் கிடைத்தது. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், நியாயமான மனிதர்தான்.

அந்த வருஷம் கறியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது உள்ளே ஒரே சத்தம். கொழும்பில் துணிக்கடையொன்றில் வேலை செய்யும் மகன் துஷாந்த் தீபாவளிக்கு லீவில் வந்திருந்தான். அவன் கையில் தங்கை தனுஷிகாவின் கம்ப்யூட்டர் இருந்தது. அவள் அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு நாளா இதத்தான் நோண்டிக்கிட்டு இருக்கான்ப்பா. இப்ப கொழும்புக்குக் கொண்டு போவேங்கிறான்!"

"சும்மா படம் பாக்கத்தான்ப்பா. ரூம்ல எல்லார்கிட்டயும் இருக்கு, என்கிட்டதான் ஒன்னும் இல்ல" என்றான் துஷாந்த்.

அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த தனுஷிகாவுக்கு, கொழும்பு நிறுவனமொன்று தோட்டத்துப் பிள்ளைகளுக்காக நடத்திய வடிவமைப்புப் படிப்பில் இடம் கிடைத்தது. பெட்டிகளுக்கும் பைக்கற்றுகளுக்கும் விளம்பரங்களுக்கும் படம் வரையும் படிப்பு. ஒரு வருஷம் வீட்டிலிருந்தே படிக்கலாம். கடைசிப் பரீட்சையில் தேறினால் வேலையும் அவர்களே தருவார்கள். படிப்பதற்காக அனுப்பியதுதான் அந்தக் கம்ப்யூட்டர்.

மேசையில் வைத்தால் சாதாரண லேப்டாப் போலத்தான் இருக்கும். திரையைப் பிடித்து இழுத்தால் டக்கென்று கழன்று தனியாகக் கையில் வந்துவிடும். முதல் நாள் அப்படிக் கழற்றிக் காட்டியபோது, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த தாய் வீரம்மா, "அடிப்பாவி, வந்த அன்னிக்கே ஒடச்சிட்டியே!" என்று தலையில் கை வைத்துவிட்டாள். உடையவில்லை, காந்தத்தால் ஒட்டியிருக்கிறது, கிட்டே கொண்டுபோனால் தானே பிடித்துக்கொள்ளும் என்று மகள் திரும்பத் திரும்ப மாட்டிக் காட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. திரையின் பின்னால் ஒரு தகடு இருந்தது, விரித்தால் தன்பாட்டில் நிற்கும். பக்கத்தில் ஒரு பேனா ஒட்டிக்கொண்டிருந்தது. அதால் கண்ணாடியின் மேல் மெதுவாக இழுத்தால் மெல்லிய கோடு விழும், அழுத்தினால் தடித்த கோடு விழும். லயத்தில் சிக்னல் கிடைக்காது. ஆகையால் வகுப்பு நேரத்தில் தனுஷிகா கீபோர்டை வீட்டில் வைத்துவிட்டு, திரையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறிவிடுவாள். மழை தூறினால் குடைக்குள் உட்கார்ந்து வரைவாள். இப்படியே பத்து மாதம் போனது, பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

பிள்ளைகளின் சண்டையைக் கேட்ட அழகுமுத்துவுக்குள் கூறு போடும் ஆள் விழித்துக்கொண்டார். கம்ப்யூட்டரை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இதுக்கு எதுக்கு சண்ட? சாமானே ரெண்டா கழலுது. செஞ்சவனே வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கும்னு யோசிச்சித்தான் செஞ்சிருக்கான். படம் பாக்கிற கண்ணாடி அவனுக்கு. எழுதுற பலக ஒனக்கு."

தனுஷிகா முதலில் அப்பா சும்மா பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் இழுத்துக் கழற்றித் திரையை அண்ணனிடம் நீட்டியபோதுதான் அவளுக்குப் பதறியது.

"அப்பா, அது ரெண்டு சாமான் இல்லப்பா! மெஷினே அந்தத் திரைக்குள்ளதான் இருக்கு. இது வெறும் கீபோர்ட். இத வச்சிக்கிட்டு நான் என்னா செய்றது?"

"எனக்கே பாடம் சொல்றியா? கினிகத்தேனையில கம்ப்யூட்டர் திருத்துற மஃறூப் நானா ஒரு லேப்டாப்பத் தொறந்து வச்சிருந்தத நான் கண்ணால பாத்தேன். மூள, பெட்டரி எல்லாம் பட்டனுக்குக் கீழதான் இருந்திச்சி. அவரே காட்டினாரு. நெசமா பாத்தா பெரிய பங்கு ஒனக்குத்தான் விழுந்திருக்கு."

"அது வேற மாதிரிப்பா. இது அப்பிடி இல்ல. என் படமெல்லாம் அதுலதான்ப்பா இருக்கு."

"அண்ணன் ஆசப்பட்டுக் கேக்குறான், குடுத்துட்டாத்தான் என்னா? ஒழச்சிப் போடுறவன் அவன்தானே" என்றாள் வீரம்மா, வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல். "பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டு அடம் ஆகாது."

தனுஷிகா அண்ணனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியும். கொழும்பில் நாலு இடம் பார்த்தவன், தெரியாமல் என்ன? அவன் வாயைத் திறக்கவில்லை. திரையைப் பெட்ஷீட்டில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டான், பேனாவும் அதோடு ஒட்டிக்கொண்டே போனது. இரண்டு பிள்ளைக்கும் குறையில்லாமல் செய்துவிட்டோம் என்ற திருப்தியில் அழகுமுத்து குளிக்கப் போனார்.

அதற்குப் பிறகு தனுஷிகா கோயில் மேட்டில் உட்கார்ந்து வகுப்புகளைத் தாயின் போனில், கீறல் விழுந்த கண்ணாடியில், கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். வரைய முடியவில்லை. ஆசிரியை ஜெயந்தினியிடம் சொல்லவும் பயம். மெஷினை வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது முதல் நாளே சொன்ன நிபந்தனை, சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று நினைத்தாள். அண்ணனுக்குப் போனில் கோல் எடுத்துக் கெஞ்சினாள். "பரீட்சைக்கு முன்னாடி கொண்டாந்து தர்றேன், சும்மா அழாத" என்றான் அவன். டிசம்பர் வந்தது, நத்தார்ப் பண்டிகை வியாபாரம் சூடுபிடித்தது, கடையில் லீவு இல்லை. யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னாள். சரி சரி என்றான், அதுவும் நடக்கவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் அவள் சாப்பிடாமல் சுருண்டு கிடந்ததைப் பார்த்து அழகுமுத்துவுக்கு மனது கேட்கவில்லை. கல் நெஞ்சுக்காரர் இல்லை அவர்.

"எந்திரிம்மா. காலையில மொத பஸ்ல மஃறூப் நானா கடைக்குப் போவோம். மூளதான் நம்மகிட்ட இருக்கே, வேற ஒரு கண்ணாடிய மாட்டித் தருவாரு."

தனுஷிகா மறுத்துப் பேசவில்லை. பேசி என்ன ஆகப் போகிறது என்று இருந்தாள். ஆனாலும் மஃறூபிடம் வேறு ஏதாவது வழி இருக்குமோ என்ற ஒரு சின்ன ஆசை அவளை பஸ் ஏற வைத்தது.

கடையைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்த மஃறூப், அழகுமுத்து ஒரு துணிப் பையிலிருந்து பக்குவமாக எடுத்து வைத்த கீபோர்டைப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். இரண்டு விரலால் லேசாக வளைத்தும் பார்த்தார்.

"மத்தது எங்க?"

"அது மகன்கிட்ட இருக்கு நானா. நீங்க இதுக்கு வேற கண்ணாடி ஒன்னு போட்டுக் குடுங்க. இன்னிக்கிப் புள்ளைக்குப் பரீட்ச."

"என்ன கத இது அழகுமுத்தண்ணன்? இங்க பாருங்க, அட்ட மாதிரி ஈக்குது. இதுக்குள்ள என்னத்த வைக்க ஏலும்? பெட்டரியும் இல்ல, ஒண்டும் இல்ல. இந்த ஜாதி மெஷினுக்கு எல்லாம் திரைக்குப் பின்னாலதான் ஈக்குது. இது வெறும் மூடி. கூடவே தட்டெழுத்தும் அடிக்கலாம், அவ்வளவுதான்."

"அன்னிக்கி நீங்கதானே நானா காட்டினீங்க, பட்டனுக்குக் கீழ..."

"அது பழைய லேப்டாப். அதுக்குக் கீழதான். இது வேற." மஃறூப் தனுஷிகாவைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "மகள் ஒங்களுக்குச் சொல்லல்லயா?"

"சொன்னிச்சி."

"பொறகு?"

அழகுமுத்து தானும் கீபோர்டை எடுத்து லேசாக வளைத்துப் பார்த்தார்.

நல்ல மனிதர் மஃறூப். கடைக் கம்ப்யூட்டரையே அவள் பக்கம் தள்ளி வைத்து, இதில் எழுதட்டும் என்றார். அவரே ஜெயந்தினிக்குக் கோல் எடுத்தும் கொடுத்தார். தனுஷிகா எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து ஜெயந்தினியின் குரல் வந்தது.

"ஏன் தனுஷிகா முன்னாடியே சொல்லல? போன கிழம சொல்லியிருந்தாக்கூட நான் ஏதாவது செஞ்சிருப்பேனே. இப்ப பேனாவால நேரா வரைஞ்சி காட்டணும். வருஷம் முழுக்க நீ வரைஞ்ச வேலையும் சேர்த்துக் குடுக்கணும். எதுவுமே கையில இல்லாம நான் எப்பிடி ஒன்ன ஒக்கார வைக்கிறது?"

அழகுமுத்து மகனுக்குக் கோல் எடுத்தார். கடையில் கூட்டம் போலும், பின்னால் ஒரே இரைச்சல்.

"இப்ப எப்பிடிப்பா வர்றது? அது ரூம்ல இருக்கு."

"அதுக்குள்ளதான் எல்லாமே இருக்குன்னு ஒனக்குத் தெரியுமாடா?"

"தெரியும். நீங்கதானே பிரிச்சி என் கையில குடுத்தீங்க? நான் கழட்டினேனா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பரீட்சை தொடங்கும் நேரம் வந்தது. மஃறூபின் கடைச் சுவரில் இருந்த மணிக்கூட்டைத் தனுஷிகா ஒரு தடவை பார்த்துவிட்டு, கீபோர்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். ஹட்டன் ரோட்டில் பஸ்கள் இரைந்துகொண்டு போயின. அழகுமுத்து பின்னால் ஓடி வந்தார்.

"அப்பா தெரியாம செஞ்சிட்டேன்ம்மா. மன்னிச்சிரு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவருக்குத் தாங்கியிருக்கும்.

"தெரியாம செய்யலப்பா. தெரிஞ்சவ நான் ஒங்க பக்கத்துலயே நின்னுக்கிட்டு சொன்னேன். மஃறூப் நானாகிட்ட எப்பவோ கேட்டது ஒங்களுக்கு நெனவிருக்கு. பத்து மாசமா அதக் கையில வச்சிருந்த நான் சொன்னதுதான் காதுல விழல."

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார்கள். தோட்டத்துச் சந்தி வரும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிப்பை முடிக்காத பிள்ளை மெஷினைத் திருப்பித் தர வேண்டும் என்று நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது. அடுத்த வருஷம் இப்படியொரு படிப்பு நடக்குமா என்று ஜெயந்தினிக்கே தெரியவில்லை. தனுஷிகா சும்மா இருக்கவில்லை, ஹட்டனில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

பொங்கலுக்கு வந்த துஷாந்த் திரையைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தான். மறுநாள் பார்சல் கட்டுவதற்காக அழகுமுத்து கீபோர்டை எடுத்துக் கிட்டே கொண்டுபோனார். டக்கென்று அது தானாகவே பிடித்துக்கொண்டது. திரை வெளிச்சமானது. எங்கேயோ கை பட்டு ஒரு படம் விரிந்தது. தேயிலைப் பைக்கற்று ஒன்றுக்காக வரைந்தது. மூடுபனிக்குள் ஒரு மலை, அதன் அடியில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண். முகச்சாடை வீரம்மாவேதான். மூலையில் சின்ன எழுத்தில் தனுஷிகா என்று இருந்தது. வீரம்மா கிட்டே வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

"அதான் கொண்டாந்துட்டேனேப்பா, ஒரு கீறல்கூட இல்ல" என்றான் துஷாந்த், வீடு கனத்துக் கிடப்பதைப் பொறுக்காமல்.

"கொண்டாந்தது சாமான்தான்டா. அவ வருஷத்த எங்கேருந்து கொண்டாருவ?" என்றார் அழகுமுத்து, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "தெரிஞ்சிக்கிட்டே வாய மூடிக்கிட்டு இருந்தியே, அது ஒன் தப்பு. ஆனா ஒன்னச் சொல்லி என்னா செய்ய? நீ கேட்டா குடுக்கணும், அவ சொன்னா அது அடம். இந்த வீட்டுல அப்பிடித்தான் நாங்க பழக்கி வச்சிருக்கோம். ரெண்டு புள்ளைக்கும் சமமா பிரிச்சேன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். பொம்பளப் புள்ள பேச்சு காதுல ஏறாத வீட்டுல, எவ்வளவு சமமாப் பிரிச்சாலும் அது அநியாயம்தான்டா. இத நான் அன்னிக்கே புரிஞ்சிருக்கணும்."

அந்த வார்த்தையைக் கேட்டிருக்க வேண்டியவள் அப்போது ஹட்டன் கடையில், யாரோ ஒரு பெண் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டைக்குத் துணி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.