கேக் கலக்கிய செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை காலையில் போன் பேசுவதற்காக, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலுக்குப் போன சிசிலி, முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். மழைத் தண்ணீர் என்றுதான் மருமகள் நிலக்ஷி நினைத்தாள்.

"யாரு மாமி? அவரா?"

"ஆமா, றொக்சன்தான். கொழும்புல லீவு கெடச்சிருச்சாம். சீக்கிரம் வந்துருவானாம்."

"போனக் கொஞ்சம் குடுங்க. அம்மாகூட ஒரு வார்த்த பேசிக்கிறேன். இந்த மழையில கந்தப்பளைப் பக்கம் எப்படி இருக்காங்களோ."

"சார்ஜ் எறங்கிருச்சு புள்ள," என்று சொல்லிவிட்டு சிசிலி போனை இடுப்பில் செருகிக்கொண்டார்.

தோட்டத்தில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. நிலக்ஷியின் போன் முந்தின நாளே செத்துப்போயிருந்தது. அதனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இயேசு பிறந்த நத்தாருக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. ஆனாலும் சிசிலி அன்றைக்கே கேக் வேலையைத் தொடங்கிவிட்டார். பிளம்ஸ், கஜுப் பருப்பு, சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசி, இஞ்சித் தோசி எல்லாவற்றையும் பாயில் பரப்பி, கத்தியை நிலக்ஷியிடம் கொடுத்தார். "பொடிப்பொடியா நறுக்கணும். பல்லுல படக்கூடாது."

நிலக்ஷிக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கல்யாணமாகி வந்த முதல் நத்தாருக்கு, மாமி அவளைக் கேக் சட்டிக்குப் பக்கத்திலேயே விடவில்லை. கோயில் வீட்டுப் பிள்ளை, வேதக்காரர் வீட்டு முறை தெரியாது என்று ஒரு பேச்சு. வயிற்றில் ஐந்து மாதம் ஆன பிறகுதான் மாமியின் குரலே மாறியிருந்தது. இப்போது கத்தியும் கைக்கு வந்துவிட்டது. அவள் அன்று முழுக்க நறுக்கினாள். பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தபோதெல்லாம் சிசிலி எழுந்து போய் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார்.

மறுநாள் மழை விட்டது. காலையிலேயே முட்டையும் பட்டரும் சீனியும் அடித்து, வறுத்த ரவையைப் போட்டு, ரோஸ் வாட்டர் ஊற்றிப் பெரிய தகரப் பேசினில் கலக்கி முடித்தார்கள். வீட்டில் கேக் சுட வழியில்லை. ஒவ்வொரு வருஷமும் நோர்வூட்டில் சோலைமலையின் பேக்கரிக்குக் கொண்டுபோய், பாண் சுட்டு முடிந்த விறகுப் போறணையில் வைத்து எடுப்பதுதான் வழக்கம்.

"நீ இரு. நான் போயிட்டு வந்துர்றேன்," என்றார் சிசிலி.

"பேசினை ஒத்த ஆளாத் தூக்க முடியுமா? நானும் வாறேன். அப்படியே போனையும் சார்ஜ் போட்டுக்கலாம்."

சிசிலி ஏதேதோ காரணம் சொன்னார். வழுக்கும் என்றார், குளிர் என்றார். நிலக்ஷி அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள்.

ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததால் ஆட்டோ வரவில்லை. தேயிலை மலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். பேசினை வாழை இலையால் மூடி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். மழைநீர்க் கான் உடைந்த இடத்தில் தண்ணீர் முழங்கால் வரைக்கும் ஓடியது. சிசிலி முதலில் இறங்கி, பேசினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என் தோளப் புடிச்சுக்கிட்டு வா" என்றார். அக்கரை ஏறியதும் இருவர் காலிலும் அட்டை. பேசினைக் கீழே வைக்க மனமில்லாமல், ஒருத்தி பிடித்துக்கொள்ள மற்றவள் பிய்த்துப் போட்டாள்.

அன்றைக்கு மாமி ஓயாமல் பேசினார். செத்துப்போன மாமனார் செபஸ்தியாம்பிள்ளை இதே பாதையில் பேசினைத் தலையில் வைத்துக்கொண்டு போன கதையைச் சொன்னார். "எனக்கு வழி தெரியும்னு பெருமை பேசிக்கிட்டே போனாரு. இந்தா, இந்த எடத்துலதான். சறுக்கி உக்காந்தாரு பாரு, முழு மாவும் தலைவழியா வழிஞ்சிருச்சு. சின்னப் புள்ள றொக்சன் அழல. அப்பன் தோள்ல இருந்து வழிச்சு வழிச்சுத் தின்னான்."

நிலக்ஷி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நடக்க முடியாமல் நின்று சிரித்தாள். சிசிலி அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேக்கரியில் சோலைமலை பேசினை வாங்கி வைத்தார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிலக்ஷியின் போனைச் செருகிக் கொடுத்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீ கந்தப்பளைப் புள்ளதானேம்மா? அந்த மண்சரிவுல உங்க ஆளுங்க யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"எந்த மண்சரிவு?"

சோலைமலை சிசிலியைப் பார்த்தார். சிசிலி தரையைப் பார்த்தார்.

"நேத்து விடியக்காலையில... மேக்கணக்கு லயம்..."

நிலக்ஷி பிறந்த வீடு, தோட்டத்தின் மேல்பிரிவான அந்த மேற்கணக்கில்தான் இருந்தது. போன் உயிர்பெறும் வரைக்கும் அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னதும் காதில் விழவில்லை. மூன்றாவது தடவை அடித்தபோது அம்மா காளியாயி எடுத்தாள்.

"அம்மா! அப்பா எங்க?"

"உசுரோட இருக்காரு தங்கம். காலுதான் நசுங்கிப் போச்சு. ஆஸ்பத்திரியில இருக்காரு. சித்தி வீட்டுலதான் ஒருத்தரும் மிஞ்சல. ஒங்க சித்தப்பா, ஜெயந்தினி, புள்ள லோஜன், மூணு பேரும் போயிட்டாங்க. இப்பத்தான் பொதைக்கக் கொண்டு போறாங்க. ஒன்னால வரமுடியாதுன்னு மாப்பிள்ளை நேத்தே சொல்லிட்டாரு."

ஜெயந்தினி சித்தி, அப்பாவின் தம்பி கந்தப்பனின் மனைவி. அம்மா கொழுந்து பறிக்கப் போன காலமெல்லாம் நிலக்ஷிக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பியவள்.

நிலக்ஷி போனை வைத்தாள். "நேத்துக் காலையிலேயே ஒங்களுக்குத் தெரியும்."

"றொக்சன்தான் சொல்ல வேணாம்னான். நான் வந்து பக்குவமாச் சொல்றேன்னான். இந்த ஒடம்போட நீ அங்க ஓடிருவன்னு பயந்துட்டோம் புள்ள. வயித்துல இருக்கிறதுக்கு ஏதும் ஆயிட்டா..."

"நேத்தே சொல்லியிருந்தா சித்தி மொகத்தையாவது பாத்திருப்பேன். நீங்க என்னைய ஒக்காத்தி வச்சுத் தோசி நறுக்க விட்டீங்க. வார வழியெல்லாம் சிரிச்சேனே மாமி. சிரிக்க வச்சுக் கூட்டியாந்தீங்களே."

அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். ஹட்டன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், பின் சீட்டில் சிசிலி ஈரச் சேலையோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். கொழும்பிலிருந்து வந்த றொக்சன் ஹட்டனில் சேர்ந்துகொண்டான். அவன் கையை நீட்டியபோது அவள் பிடிக்கவில்லை. ரோடு அடைத்திருந்த இடங்களில் இறங்கி நடந்து, வேறு வான் பிடித்து, கந்தப்பளைப் பள்ளிக்கூடத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அடக்கம் முடிந்திருந்தது.

வகுப்பறையில் பாய் விரித்து, வீடிழந்த லயத்து ஆட்கள் படுத்திருந்தார்கள். காளியாயி மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, சிசிலியின் கையைப் பிடித்து, "என் புள்ளய பத்திரமாக் கூட்டியாந்தீங்களே" என்றாள். சிசிலி தலையைக் குனிந்துகொண்டார். நிலக்ஷியும் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லவில்லை.

சிசிலி திரும்பிப் போகவில்லை. அங்கேயே சமையலுக்கு நின்றார். பெரிய சட்டியில் சோறு வடித்தார், பிள்ளைகளைக் குளிக்க வார்த்தார். நத்தாருக்கு முந்தின நாள், நிவாரணச் சாமான் ஏற்றி வந்த லொறியில் சோலைமலை கேக்கை அனுப்பியிருந்தார். மறுநாள் சிசிலி அதைச் சின்னத் துண்டுகளாக வெட்டி எல்லாருக்கும் கொடுத்தார். நிலக்ஷி வாங்கவில்லை. சிசிலி வற்புறுத்தவும் இல்லை.

"நான் செஞ்சது தப்புத்தான்," என்று மட்டும் சொன்னார். "ஒன்னைக் காப்பாத்துறதா நெனச்சேன்."

நத்தார் கழிந்து, ஆபரேஷன் முடிந்த அப்பா பழனியாண்டி ஆஸ்பத்திரியில் தெளிவாகப் பேசத் தொடங்கினார். நிலக்ஷியைக் கண்டதும் முதலில் வயிற்றைப் பார்த்தார். பிறகு கேட்டார். "தம்பி ஒரு தடவகூட வந்து பாக்கலையே. கந்தப்பனுக்கு எங்கயாவது அடியா?"

கட்டிலின் மறுபக்கம் நின்ற காளியாயி, சொல்லாதே என்று தலையை ஆட்டினாள். உடம்பு தேறட்டும் என்று வார்டில் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். நிலக்ஷிக்கும் பயம்தான். மெலிந்துபோன அந்த முகத்தைப் பார்த்தால், நல்லாருக்காங்கப்பா என்ற வார்த்தை தானாகவே வாய்க்கு வந்தது. அந்த நேரத்தில் சிசிலியின் மேலிருந்த கோபம் கொஞ்சம் இளகியதை அவளே உணர்ந்தாள். ஆனாலும் அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நான் ஒண்ணு சொல்லப் போறேன். என் கைய விட்றாதீங்க."

சொன்னாள். மூன்று பேரையும் பேர் பேராகச் சொன்னாள். பழனியாண்டி முதலில் நம்பவில்லை. பிறகு, கட்டுப்போட்ட காலை மறந்து எழும்பப் பார்த்தார். வார்டு வாசலில் நின்ற சிசிலி ஓடிவந்து அவர் தோளைத் தாங்கிக்கொண்டார். வார்டே திரும்பிப் பார்க்கும்படி அவர் அழுதார். அழுகை ஓய்ந்ததும் கேட்டார்.

"எங்க பொதச்சிருக்காங்க?"

"நானும் இன்னும் போய்ப் பாக்கலப்பா," என்றாள் நிலக்ஷி. "நீங்க எந்திரிச்சு நடந்ததும் ரெண்டு பேருமாப் போவோம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, மகளின் கையை இறுக்கிப் பிடித்தார்.