இனிக்காத சர்க்கரை

நீட்டிய நாக்குகளெல்லாம் பச்சை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூட வேலியோரம் நின்று சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு நாக்கைக் காட்டுகிறார்கள், பவுலின் டீச்சர் ஆளுக்கொரு சிட்டிகைச் சர்க்கரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே போகிறாள், நக்கிப் பாருங்க என்கிறாள், நக்கினவர்கள் முகம் கோணுகிறது, மண்ணத் தின்ன மாதிரி இருக்கு டீச்சர் என்று ஒருத்தி சொல்ல வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கிறது, தினமும் ஆடு கடிக்கிற கொடிக்குள் இப்படியொரு வித்தையா என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தபோது டீச்சருக்கும் தலைகால் புரியவில்லை, அந்தச் சந்தோஷத்தில்தான் இது சர்க்கரை வியாதிக்கு நல்ல மருந்து என்று சொன்னாள், சொல்லி வாயை மூடுவதற்குள் மணி அடித்துவிட்டது, அது போன வாரம், இப்போது காலை வெயிலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போகிறாள், உங்க கிளாஸ் முப்புடாதியோட அம்மை கெறங்கி விழுந்துட்டா டீச்சர், அந்தப் பிள்ள கையில ஏதோ இலை வச்சிருக்கா என்று அவர்கள் பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னது காதை விட்டுப் போகவில்லை.

மணி அடித்தபோது மீதியை நாளைக்குச் சொல்கிறேன் என்று சொன்னேனே, சொன்னேனா, மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது, அதுதான் மீதி, மறுநாள் பவுலினைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள், திரும்பி வந்தால் அடுத்த மூலிகையாகத் தூதுவளைப் பாடம் காத்திருக்கிறது, அன்றைக்கு வேலியோரம் முப்புடாதி முன்னால் வந்து நிற்கிறாள், எங்க அம்மைக்கும் சுகர் இருக்கு டீச்சர், குடிக்கலாமா என்கிறாள், உண்மையிலேயே கேட்டாளா, இல்லை பயம்தான் இப்போது அவளைக் கேட்க வைக்கிறதா, கேட்டிருந்தால் தான் என்ன சொன்னோம் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

முப்புடாதியின் அம்மா கோமதி கட்டிலில் தொப்பலாக வேர்த்துக் கிடக்கிறாள், பீடி சுற்றிக் காய்த்த விரலைக் குத்திப் பார்த்த டாக்டர், சுகர் அடியோடு இறங்கிவிட்டது, மாத்திரையோடு வேறு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கிறார், முப்புடாதி கையை இறுக மூடிக்கொண்டு டீச்சரையே பார்க்கிறாள், டீச்சரைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிட்டது பவுலினுக்குப் புரிகிறது, புரிந்ததும் ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது, வேலை போகும், பேப்பரில் வரும், ஊர் வாயில் விழ வேண்டும், கம்மென்று நின்றுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, அதற்குள் குளுக்கோஸ் ஏறிக் கோமதி கண்ணைத் திறந்தாள், நர்ஸ் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள், இனிக்கவே இல்லயே சிஸ்டர், மண்ணு மாதிரி இருக்கே என்றாள் கோமதி, மயக்கத்தில் உளறுகிறாள் என்றாள் நர்ஸ், பவுலின் கட்டிலருகே குனிந்து, நாக்க நீட்டுங்கம்மா என்றாள், டீச்சர் சொன்னால் கேட்க வேண்டும் என்பதுபோல் அவளும் நீட்டினாள், பச்சை.

சிறுகுறிஞ்சான் டாக்டர், நான்தான் பிள்ளைகளுக்குக் காட்டினேன், என்று சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே பிடிபடவில்லை, முப்புடாதி உடைந்து அழுதாள், ஒரு வாரமா காலையில சாறு குடுக்கேன் டீச்சர், இன்னைக்கு அம்மை கெறக்கமா வருதுன்னா, சுகர் ஏறிருச்சுன்னு நினைச்சு இன்னும் நாலு இலைய மெல்லச் சொன்னேன், டாக்டர் திட்டவில்லை, சொன்னது நல்லதாப் போச்சு, மறுபடியும் இறங்கலாம், சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும், உயிருக்குப் பயமில்லை என்றார், பவுலின் சுவரைப் பிடித்துக்கொண்டாள், பிழைத்துவிட்டாள், பிழைத்துவிட்டாள், பிறகுதான் போன வாரத்து மணிச் சத்தம் காதுக்குள் மறுபடியும் கேட்டது, வேலியிலிருந்து கொடியை இழுத்துப் பறித்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுகிறார்கள், ஏட்டி, இலைய வேற யாரெல்லாம் வீட்டுக்குக் கொண்டு போனா என்று கேட்டாள், எல்லாருந்தான் டீச்சர் என்றாள் முப்புடாதி, பவுலினின் கண்ணுக்குள் நாக்குகள் வரிசையாக நீண்டன, எல்லாம் பச்சை, ஒன்றுகூடப் பிள்ளைகளுடையது இல்லை, அம்மாக்களும் அப்பாக்களும் அவள் முன்னால் நம்பிக்கையோடு நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.