நாகேஸ்வரியின் வயிற்றுக்குள் கிடந்தது

…யாரும் அதைக் கூப்பிடவில்லை, அதுவாகவே வந்திருக்கிறது, குடலுக்கு முன்னால் திரை மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கொழுப்பு, வயிற்றுக்குள் எங்கே ஆபத்தோ அங்கே அது நகர்ந்து போகும், பிள்ளைகள், என்று எத்தனை வருஷமாகப் படிப்பித்திருப்பேன், படிப்பித்தேனே தவிர இப்படிக் கண்டதில்லை, மேசையில் போத்தலுக்குள் கிடக்கிறது, நடுவில் ஒப்பரேஷன் துணி ஒன்று, சுற்றிவர அவளுடைய கொழுப்பும் சவ்வும், சோற்றுப் பொதி கட்டினது மாதிரி ஒரு ஓரம்கூடப் பிரியாமல்… எந்தக் கை இவ்வளவு நேர்த்தியாகக் கட்டும், என் கை கட்டாது, சுபாஸ்கரனின் கையும் கட்டாது. மூன்று வருஷத்துக்கு முன் இவளுடைய கர்ப்பப்பையை எடுத்தவன் அவன்தான், இரத்தத்தை ஒற்ற வைத்த துணியை உள்ளேயே விட்டுத் தைத்தவன், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன், இன்றைக்கு நேரில் வராமல் தன் சட்டத்தரணியின் கடிதத்தை அனுப்பியிருக்கிறான். எனக்கு அவனைத் தெரியும், என்னை இந்த விசாரணைக் குழுவில் போடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன், தலைவர் பொன்னம்பலம் சேர் சிரித்தார், “எனக்கும்தான் தெரியும் உதயா, ஆருக்குத் தெரியாது?” குழுவில் இருக்கும் மூன்றாவது வைத்தியரின் மனைவிக்குப் பிள்ளைப்பேறு பார்த்ததே அவன்தானாம். யாழ்ப்பாணத்தில் ஒருவரையொருவர் தெரியாத வைத்தியர்களை எங்கே போய்ப் பிடிப்பது?

எதிரே நாகேஸ்வரி, உரும்பிராய்த் தோட்டக்காரி, மடியில் கையை வைத்துக்கொண்டு இருக்கிறாள், இந்த மனுஷி இதைச் சுமந்துகொண்டா வெங்காயம் நட்டாள், குந்தியிருந்து, முழங்கால் வயிற்றில் முட்ட, எனக்கு ஒரு பல்லுக் கொதித்தால் கிளினிக்கை நிற்பாட்டிவிடுகிறேனே… நோகுது என்று அவள் போன இடமெல்லாம் காஸ்ட்ரிக் என்றார்கள், மனவருத்தம் என்றார்கள், கீரிமலைத் தீர்த்தத்துக்குக் கொண்டுபோய் முழுக வைத்தார்கள், புருஷன் வேலைக்கள்ளி என்றான், அவன் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் அவளுடைய குரல் இறங்கியது. போன மாதம் யாரோ ஒருவர் ஸ்கான் எடுத்துப் பார்த்து, வயிற்றைத் திறந்து இதை வெளியே எடுக்கும்வரைக்கும் இப்படித்தான். பொன்னம்பலம் சேர் என் பக்கம் சரிந்தார், “நிரந்தரக் கெடுதி ஒண்டும் இல்லைத்தானே, உடம்பே வடிவாப் பாத்துக்கொண்டிட்டுது, அப்பிடியே எழுதுவம்,” நானும் தலையாட்டினேன், பொய்யில்லையே, அந்த வடிவைத்தானே காலையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், சுபாஸின் வேலையும் தப்பும்.

“எனக்குள்ள கிடந்ததை ஒருக்கால் பாக்கலாமோ?” என்று அவள் கேட்டாள். சேர் வேண்டாம் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார், நான் எழும்பிப் போத்தலை அவளுக்கு முன்னால் வைத்தேன், தொடப் பயப்படுவாள் என்றுதான் நினைத்தேன், அவளோ இரண்டு கையாலும் பிடித்து யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். “உதைச் சுத்தியிருக்கிற சதை ஆற்றை, டொக்டர்?” உங்கடைதான் அம்மா என்றேன். “என்ரையோ?” போத்தலை இன்னொருமுறை திருப்பிப் பார்த்தாள், பிறகு, “நான் சொன்னதை ஒருத்தரும் நம்பேல்லை. உது மட்டும் நம்பியிருக்கு.” எனக்குக் கண் கலங்கிவிட்டது, கலங்கட்டும், இத்தனை வயிறுகளைத் திறந்து மூடியிருக்கிறேன், ஒன்றையாவது ஒரு கும்பிடு போட்டுத் திறந்திருக்கிறேனா… என்னால் வாயை மூட முடியவில்லை, வகுப்பில் கதைப்பது மாதிரிக் கதைக்கத் தொடங்கிவிட்டேன், அது எப்படி மெல்ல மெல்ல ஊர்ந்து வந்திருக்கும், எப்படி ஒட்டியிருக்கும், கிருமி பரவாமல் எப்படி மறித்தது, அது மட்டும் வந்திராவிட்டால் நீங்கள் இன்றைக்கு இந்தக் கதிரையில் இல்லை அம்மா, எவ்வளவு பெரிய அதிசயம் தெரியுமா, அவள் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள், சேரும் தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டிருந்தார், நான் சொல்லச் சொல்ல எழுதினார், ஏன் எழுதுகிறார்…

அவளும் அந்தப் பேனையைத்தான் பார்த்தாள். “அப்ப டொக்டர், அது இவ்வளவு வடிவாக் காப்பாத்தினபடியால், எனக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு எழுதுவியளோ?” கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அதுதான் தாங்கமுடியவில்லை. இல்லை அம்மா என்று உடனே சொல்லியிருக்கலாம், சேர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார், நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை, ஒவ்வொரு சொல்லும் சுபாஸ்கரனுக்குத் தோது… இவ்வளவு நேரமும் நான் யாருக்காக வியந்துகொண்டிருந்தேன்?