முகம் காட்டாத பேய்

மத்தியானப் படம் தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைகளோடு வந்து தரையில் இடம்பிடித்துவிட்டாள். வெல்டர் கட்டிலை டிவிக்கு நேராக இழுத்துப்போட்டு, மனைவியின் இடது காலுக்கு அடியில் தலையணையைச் செருகினான்.

"பேயம்மாவுக்கு முதல் வரிசை."

"பேயைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துறது யாராம்?" என்று அவள் சிரித்தாள்.

துணை நடிகையான அவளுக்கு அந்தப் பேய் வேடம் தேடிவந்த வாய்ப்பு. திகில் தொடர் ஒன்றின் முதல் பகுதி; பாழடைந்த பங்களாவில் உலவும் பேய் அவள்தான். முதலில் கூந்தல் முகத்தை மறைத்திருக்கும், போகப்போக முகம் தெரியும், கதையே அவளைச் சுற்றித்தான் என்றார் இயக்குநர். அதை நம்பித் தையல் கம்பெனி வேலையை விட்டாள். மாடியிலிருந்து மிதந்து இறங்கும் காட்சியில் இடுப்புக் கயிறு நழுவியது. எலும்பு கூடியது, நடை கூடவில்லை. தொடரை எந்தச் சேனலும் வாங்கவில்லை. கிடப்பில் கிடந்ததற்கு இப்போது ஒரு முடிவுக் காட்சியைப் படம்பிடித்து ஒட்டி, முழுப் படமாகப் போடுகிறார்கள். அந்த முடிவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.

திரையில் ஜன்னலோரம் வெள்ளை உருவம் நகர்ந்தது. "அம்மா!" என்று மகள் துள்ளினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பயந்துபோய் நிஜ அம்மாவின் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

பேய் மாடிக்கு மேலே மிதந்தது. அவள் கணவனின் விரல்களைப் பற்றினாள். அந்த இடத்தை வெட்டிவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். வெட்டவில்லை. பேய் கல்லைப் போல விழுந்து அலறியது.

"ஐயோ, என்னமா நடிச்சிருக்கே! உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு!" அக்கா கைதட்டினாள்.

"அக்கா, அது வந்து..." என்று வெல்டர் வாயெடுத்தான். மனைவி அவன் கையை அழுத்தினாள்.

"விடுங்க. அவங்க ஆசையா பாக்குறாங்க," என்றாள் மெதுவாக.

அவன் அவளுடைய கணுக்காலை நீவிவிடத் தொடங்கினான். காய்ப்பேறிய கை, பூவைத் தொடுவதுபோலத் தொட்டது.

கடைசிக் காட்சியில் பேய் கூந்தலை விலக்கியது. உள்ளே வேறொரு பிரபல நடிகையின் முகம். அக்கா தரையைப் பார்த்தாள்.

"அம்மா, உன் மூஞ்சி எங்கே?" என்றாள் மகள்.

"வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டேன்டி. நீ தேடுவியே."

மகள் எட்டி அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, திருப்தியாக மடியில் சாய்ந்தாள்.

வெல்டர் ரிமோட்டை எடுத்தான். "அணைச்சிடவா?"

"இருங்க. பேரு போடுவாங்க."

பேர்கள் ஓடத் தொடங்கியதுமே சேனல் அதை வெட்டிவிட்டு, அடுத்த ஞாயிறும் இதே படம் என்று அறிவித்தது. திரையின் ஒரு பாதியில் அந்த நடிகை சிரித்துக்கொண்டு நின்றாள். மறுபாதியில், முகம் மூடிய பெண் ஒருத்தி மெல்ல, மிக மெல்ல விழுந்துகொண்டிருந்தாள். அவளுடைய அலறலுக்கு மேல் இசையைப் போட்டிருந்தார்கள்.