பின்னணியில் ஓடுகிறவர்

பூவராகனின் கணினியில் பாடுகிற பெண் மூச்சு விடுவதில்லை. அடுத்த வீட்டு ஞானதுரையின் கணினியில் அதே பெண், அதே பாட்டில், இரண்டாவது வரிக்கு முன்னால் மூச்சு இழுக்கிறாள். பாட்டு ஒன்றுதான். கோப்பும் ஒன்றுதான். பூவராகனே பென்டிரைவில் போட்டுத் தன் கையாலேயே கொடுத்தார், பாவி மனுஷன்.

வித்தியாசம் பிளேயரில் இருந்தது. ஞானதுரை ஏதோ புது மென்பொருள் வைத்திருந்தார். அதில் மேடை அகலம் அதிகம் என்பார். அது உண்மைதான். பாட்டு தொடங்கியதும் அவர் வீட்டு ஹால் நீண்டுவிடும். வயலின்காரர் செருப்பு ஸ்டாண்டு ஓரமாக உட்காருவார். மிருதங்கக்காரர் பால்கனிப் பக்கம். நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கும். அந்த இடத்தில் பூவராகனின் மனைவி அம்புஜவல்லி உட்கார்ந்திருந்தாள்.

முதலில் கறிவேப்பிலை வாங்கத்தான் போனாள். பிறகு ஒரே ஒரு பாட்டு என்று சொல்லிப் போனாள். இப்போது முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணையும் அங்கே போய்விட்டது.

“ஏங்க, தப்பா நினைக்காதீங்க. அங்க அவ மூச்சு விடறா. இங்க கேட்டா எனக்கு மூச்சு முட்டுது.”

“ரெண்டும் ஒரே பாட்டுதானே அம்புஜம்.”

“ஒரே கடை அரிசிதான். எல்லார் வீட்டுச் சாதமும் ஒண்ணாவா இருக்கு?”

பூவராகனுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஞானதுரை நல்ல மனிதர் வேறு. லிஃப்டில் வழிவிடுவார், கேஸ் சிலிண்டர் தூக்கித் தருவார். நல்லவன் மேல் பொறாமைப்படுவதைப் போல ஒரு தொல்லை கிடையாது. மனம் விட்டுத் திட்டக்கூட முடியாது.

பூவராகன் வேறு பிளேயர்களைப் போட்டுப் பார்த்தார். ஒன்றில் பாடகி குளியலறைக்குள் போய்ப் பாடினாள். துண்டு கேட்டாள், கொடுத்தார். இன்னொன்றில் மிருதங்கக்காரர் மட்டும் வந்து, காபி குடித்துவிட்டு, வாசிக்காமல் போனார். மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் பாட்டு அடுத்த வீட்டில்தான் கேட்டது. சுவரில் காதை வைத்தார். அம்புஜவல்லி தாளம் போடுவது துல்லியமாகக் கேட்டது. உடனே அந்த மென்பொருளை அழித்தார்.

கடைசியில் வெட்கத்தை விட்டு ஞானதுரையிடமே கேட்டார். அவர் சந்தோஷமாக வந்து அதே பிளேயரைப் போட்டுக் கொடுத்தார். பாடகி அப்போதும் மூச்சு விடவில்லை. ஞானதுரை தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“பின்னால வேற ஏதாவது ஓடுதா சார்?”

“ஓடினா என்ன?”

“சத்தத்துல அழுக்கு சேரும். பாட்டு போடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மூடிடணும். நான் காலண்டரைக்கூட மூடிடுவேன்.”

அதனால்தான் அவர் வீட்டில் எப்போதும் செவ்வாய்க்கிழமை.

ஞானதுரை போனதும் பூவராகன் மூடத் தொடங்கினார். பிரவுசரை மூடினார். வைரஸ் தடுப்பை மூடினார். மூச்சு வரவில்லை. ஃப்ரிட்ஜை மூடினார். மேல் வீட்டை மூடினார். தெருவை மூடினார். பழ வண்டிக்காரர் பாதிக் கூவலில் நின்றார். அப்போதும் கணினிக்குள்ளிருந்த விசிறி இரைந்தது. இன்னும் ஒன்று ஓடுகிறது என்று திரை சொன்னது.

திறந்து பார்த்தார். பூவராகன் என்று இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில், வயிற்றெரிச்சல். கணினியின் சக்தி முழுவதையும் அதுதான் தின்றுகொண்டிருந்தது.

வயிற்றெரிச்சலை மட்டும் மூடப் பார்த்தார். அதைத் தனியாக மூட முடியாது என்றது திரை.

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை பூவராகனுக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அம்புஜம் வீட்டுக்கு வர வேண்டும். தன்னையே மூடும் பொத்தானை அழுத்தினார்.

பாடகி மூச்சு இழுத்தாள். ஞானதுரை வீட்டில் இழுத்ததைவிட நீளமாக இழுத்தாள். ஹால் வாசல்வரை நீண்டு, வாசலைத் தாண்டியும் நீண்டது. வயலின்காரர் வந்து உட்கார்ந்தார். அம்புஜவல்லி தலையணையோடு ஓடி வந்தாள். பின்னாலேயே ஞானதுரையும் வந்தார். நடுவில் இரண்டு இடம் இருந்தது. ஒன்று பூவராகனின் நாற்காலி.

“ஏங்க, கேட்டீங்களா? நம்ம வீட்டுல மூச்சு விடறா,” என்றாள் அம்புஜவல்லி, கண்ணை மூடியபடி, நாற்காலிப் பக்கம் திரும்பி.

“கேட்டேங்க,” என்றார் அதில் உட்கார்ந்திருந்த ஞானதுரை.

கணினி விசிறி மறுபடி இரையத் தொடங்கியது. ஞானதுரை எழுந்து திரையைப் பார்த்தார்.

“பின்னால என்னமோ இன்னும் ஓடுதுங்க. பூவராகன்னு போட்டிருக்கு. பதில் தரலையாம். முடிச்சிடட்டுமா?”

உள்ளேயிருந்து பூவராகன் பதில் தரத்தான் முயன்றுகொண்டிருந்தார்.

அம்புஜவல்லி கண்ணைத் திறந்தாள். திரையில் இருந்த பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இருக்கட்டும் சார். பாட்டு முடியட்டும்.”

பாட்டு முடியப்போகிற சமயம், அவள் கையை எட்டி அதையே மறுபடி முதலிலிருந்து போட்டாள். ஞானதுரை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவள் அதை யாருக்காகப் போட்டாள் என்று பூவராகன் யோசித்தார். விசிறி இன்னும் கொஞ்சம் இரைந்தது.