கோல்கீப்பருக்கு விழாத ஓட்டு

1

இந்தக் கதை எனக்குப் பந்தலூரில் பஜ்ஜி மடித்த பேப்பரில் கிடைத்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு ஃபுட்பால் உண்டாம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், ஆனாலும் அதற்கு ஃபுட்பால் என்றுதான் பெயர். சீசன் முடிந்ததும் கோச்சுகள் கூடி ஸ்டார் டீமைத் தேர்ந்தெடுப்பார்கள். தன் டீம் பையனுக்குத் தானே ஓட்டுப் போடக்கூடாது. எண்ணெயில் ஊறியது போகப் படிக்க முடிந்தது அவ்வளவுதான். நான் பந்தைக் காலுக்கு மாற்றி, நம் எஸ்டேட்டுகளில் வைத்து எழுதுகிறேன்.

2

"மலை மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த..." வேண்டாம். பனி இறங்காத ஒரு நீலகிரிக் கதையாவது இருக்கட்டும்.

மறுபடி. தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போன வருடம். எஸ்டேட்டுகளில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். முத்துவேலின் மனைவி சுஜாதாவை ஏற்கெனவே நிறுத்தியாயிற்று. அவனையும் நிறுத்தினால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். ஆனால் எஸ்டேட்டுகளுக்குள் நடக்கும் ஃபுட்பாலில் ஸ்டார் டீமில் இடம் பிடித்தவனை நிறுத்துவதில்லை என்று மேனேஜர்கள் பேசி வைத்திருந்தார்கள். முத்துவேல் தன் எஸ்டேட்டுக்குக் கேப்டன், அந்த மலையிலேயே பெரிய கோல்கீப்பர்.

வழக்கம் இது: ஒவ்வொரு கேப்டனும் தனியாகப் போய், ரெஃப்ரி ஜஸ்டஸின் காதில் ஒரு கோல்கீப்பரின் பெயரைச் சொல்வார். தன் எஸ்டேட் ஆளைச் சொல்லக்கூடாது.

(ஜஸ்டஸுக்குக் காது மந்தம் என்று முதலில் எழுதியிருந்தேன். பழியெல்லாம் அந்தக் காதின் மேல் விழுந்துவிடும் என்று அடித்துவிட்டேன். அவருக்கு நன்றாகவே கேட்கும்.)

3

முத்துவேலுக்குத் தன்னைப் பற்றிக் கவலையே இல்லை. எல்லாரும் அவனைத்தான் சொல்வார்கள், வேறு யார் இருக்கிறார்கள்? அவன் பக்கத்து எஸ்டேட் கோல்கீப்பர் சிவகுருவை நினைத்தான். கைக்கு வந்த பந்தையும் கோட்டை விடுகிறவன். கைக்குழந்தைக்காரன், அடுத்து நிறுத்தப்போவது அவனைத்தான். பாவம், ஒரு ஓட்டாவது விழட்டும் என்று ஜஸ்டஸின் காதில் அவன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தான்.

மைக்கில் ஜஸ்டஸ் அறிவித்தார்: "கோல்கீப்பர், சிவகுரு."

ஒருவரும் கைதட்டவில்லை. முத்துவேல் [முகம் எப்படி இருந்தது என்று மூன்று வாக்கியம் எழுதினேன், மூன்றும் பொய்] அப்படியே நின்றான். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. இவன் ஜெயிக்கிற கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இன்னொரு எஸ்டேட் கேப்டன் வடிவேல் ஓடி வந்தான். "ஏனுங்க முத்துவேலு, உங்களத்தான் எல்லாரும் சொல்லுவாங்களேன்னு நான் அந்தப் பையனச் சொல்லிப்போட்டனுங்க!"

பின்னால் வந்த கேப்டனும் அதையே சொன்னான். அவனுக்குப் பின்னால் வந்தவனும். எல்லார் முகமும் பேயறைந்த மாதிரி இருந்தது. கதையில் ஒரு கெட்டவனையாவது வைக்கலாம் என்று தேடினேன், அகப்படவில்லை.

4

சிவகுரு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, இது உங்க எடமுங்க. நீங்களும் எம் பேரத்தான் சொன்னீங்கன்னா வெச்சுக்கறனுங்க. இல்லீனா இப்பவே ஜஸ்டஸ் சார்கிட்டப் போயி உங்களுக்கே மாத்தச் சொல்லிர்றனுங்க. நீங்க யாரச் சொன்னீங்க?"

மைதானத்தின் ஓரத்தில் சுஜாதா நின்றுகொண்டிருந்தாள். முத்துவேல் வாயைத் திறந்தான். அவன்

அவன் சொன்னது

என்னால் முடியாது. இரண்டு பேரும் என் ஆட்கள், வழக்கப்படி எனக்கு ஓட்டில்லை. நீங்கள் வெளியாள். இதோ என் காது, யாருக்கு அந்த இடம் என்று சொல்லுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்கள் முத்துவேலைச் சொல்லிவிடுவார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.